பிரேக் ஆயிலும் காற்று எடுத்தலும்: ஒரு வரலாறு

பிரேக் திரவம் என்பது வாகன ஓட்டியின் கால் அல்லது கை தரும் அழுத்தத்தைச் சக்கரங்களில் உள்ள பிரேக்குகளுக்குக் கொண்டு சேர்க்கும் நீர்மமாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது 'பிரேக் ஆயில்' என்றே அழைக்கப்படுகிறது. இன்று பெரும்பாலான வாகனங்களில் உள்ள திரவம் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் தவறும் அன்று என்பதை இதன் வரலாறு காட்டும். குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை 'ஏர் எடுத்தல்' அல்லது 'பிளீடிங்' எனப்படுகிறது. ஒரு ஸ்பேனர், ஒரு முழ நீள ரப்பர் குழாய், ஒரு பாட்டில், பெடலை மிதிக்க ஓர் ஆள் என்ற அளவில் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய இந்தச் சிறிய வேலைக்குப் பின்னால் இயற்பியலும் வேதியியலும் சட்டமும் கலந்த நூறாண்டுக் கதை இருக்கிறது.

பாஸ்கலின் விதி

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662), மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று கண்டார். அவரது நீர்ம ஆய்வு நூல் அவர் இறந்த மறு ஆண்டில், 1663இல், அச்சேறியது. 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இவ்விதியைக் கொண்டு நீரியல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பள்ளிப் பாடநூல்களில் பாஸ்கல் விதிக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுவது பெரும்பாலும் இந்தப் பொறியும் வாகன பிரேக்கும்தான்.

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். ஓட்டி பெடலை 20 கிலோ விசையுடன் மிதிக்கிறார். பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை ஐந்து மடங்காக்குகிறது என்று கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 100 கிலோ விசை விழும். பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால் திரவத்தின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் பரப்பு 8 சதுர செ.மீ. என்றால் அது 200 கிலோ விசையுடன் தள்ளும். அதே அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையைச் சார்ந்து நிற்கிறது. குழாயில் உள்ளது அமுங்காத பொருளாக இருக்க வேண்டும். நீர்மம் அநேகமாக அமுங்காது, வாயு அமுங்கும். குழாயில் காற்றுக் குமிழ் ஒன்று இருந்தால் பெடலின் பயணத்தில் ஒரு பகுதி அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல் அமுங்கும், வண்டி நிற்காது.

கம்பிகளின் காலம்

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளாலும் கேபிள்களாலும் இயங்கின. பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தபோது புதிய தொல்லை வந்தது. நான்கு கம்பிகளையும் ஒரே அளவு இறுக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். முன் சக்கரங்கள் திரும்பும்போதும் வில்களின் மேல் ஏறி இறங்கும்போதும் கம்பியின் நீளம் மாறுபடும். அக்கால வண்டிச் சொந்தக்காரரின் வழக்கமான வேலைகளில் பிரேக் கம்பிகளைச் சரிசெய்வதும் ஒன்று.

திரவத்தைக் கொண்டு பிரேக்கை இயக்கும் எண்ணத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். இவர் தம் தம்பி ஆலனுடன் சேர்ந்து கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் விமானம் கட்டியவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லாக்ஹீட் விமான நிறுவனத்தின் பெயர் இந்தக் குடும்பத்தின் பெயரே. குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டு பிறர் உச்சரிக்கத் தடுமாறும்படி இருந்ததால், ஒலிக்கேற்ப அதை மாற்றி எழுதினார்கள். மால்கம் 1917இல் நீரியல் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1919இல் விமானத் தொழிலை விட்டு, மோட்டார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட் நகருக்குச் சென்று பிரேக் நிறுவனம் தொடங்கினார்.

1921இல் விற்பனைக்கு வந்த டூசன்பெர்க் 'மாடல் ஏ' கார், நான்கு சக்கரங்களிலும் நீரியல் பிரேக் கொண்டிருந்தது. அதே ஆண்டு பிரான்சின் லே மான்ஸ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், நீரியல் பிரேக் பொருத்திய டூசன்பெர்க் காரை ஓட்டி அமெரிக்கரான ஜிம்மி மர்ஃபி வென்றார். வேகமாக ஓடுவதில் போட்டியாளர்கள் அதிகம் பின்தங்கவில்லை. வளைவுக்கு மிக அருகில் வந்து பிரேக் பிடிக்க இவரால் முடிந்தது.

தோல் வாஷரும் ரப்பர் வாஷரும்

தொடக்க கால நீரியல் பிரேக்குகளின் பெரிய பலவீனம் ஒழுகல். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே திரவம் கசியாமல் தடுக்கப் பதப்படுத்திய தோலால் ஆன கிண்ண வடிவ வாஷர்கள் பொருத்தப்பட்டன. கிணற்றுப் பம்புகளில் தோல் வாஷரைப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்: நனைந்திருக்கும் வரை பிடிக்கும், காய்ந்தால் சுருங்கும். காரிலும் அதுவே நடந்தது. சில நாள் நிறுத்தி வைத்த வண்டியில் திரவம் ஒழுகிக் காற்று புகுந்துவிடும். நான்கு சக்கரமும் ஒரே திரவத்தை நம்பியிருந்ததால், ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். கம்பி பிரேக்கை ஆதரித்தவர்கள் இதையே திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது.

1924இல் வெளிவந்த முதல் கிரைஸ்லர் காரில் லாக்ஹீட் பிரேக் பொருத்தப்பட்டது. கிரைஸ்லரின் பொறியாளர்கள் தோலை நீக்கிவிட்டு ரப்பர் வாஷர்களைப் பயன்படுத்தினார்கள். பாஸ்கல் விதியும் காப்புரிமையும் செய்ய முடியாததை இந்தச் சிறு ரப்பர் துண்டு செய்தது என்று சொன்னால் மிகையாகாது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'பக்கெட் வாஷர்' என்று கேட்டு வாங்குவது இதன் வழித்தோன்றலைத்தான். அதன் பின்னும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. செவ்ரொலே 1936இல் மாறியது. கம்பியை விட மனமில்லாத ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாடல்களில்தான் நீரியல் பிரேக்குக்கு வந்தது. இதற்கிடையே 1932இல் லாக்ஹீட் பிரேக் நிறுவனம் பெண்டிக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஆமணக்கெண்ணெய் வந்த வழி

ரப்பர் வந்ததும் திரவத்தின் வேதியியல் முக்கியமாயிற்று. இயற்கை ரப்பர், மண்ணெண்ணெயோ என்ஜின் ஆயிலோ பட்டால் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும். ஆகவே கையருகே கிடைத்த பெட்ரோலிய எண்ணெய் எதையும் பிரேக்கில் ஊற்ற முடியாது. தண்ணீர் உறையும், துருவேற்றும். ரப்பரைக் கெடுக்காத, குளிரில் உறையாத, உலோகத்தைத் தின்னாத, கொஞ்சம் வழுவழுப்பும் உள்ள ஒரு பொருள் தேவைப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு அந்த இடத்தை நிரப்பியது ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவம். தமிழ் வீடுகளில் குழந்தைகளுக்கு வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். 'பிரேக் ஆயில்' என்ற வழக்குக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் மிகக் கெட்டியானது. அதை இளக்குவதற்கே ஆல்கஹால் சேர்க்கப்பட்டது. அங்கேதான் சிக்கல். எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; பியூட்டைல் ஆல்கஹாலே 118 டிகிரியைத் தாண்டாது. மலைச்சாலையில் நெடுநேரம் பிரேக் பிடித்து இறங்கும் வண்டியின் டிரம் எளிதில் இதைவிடச் சூடாகும். திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவியும் வாயுதான், அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இது 'ஆவி அடைப்பு' எனப்படும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. இறங்கிக்கொண்டிருக்கும் வரை ஓரளவு வேலை செய்த பிரேக், வண்டியைச் சற்று நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும்போது முற்றிலும் போய்விடலாம். ஓடும்போது வீசிய காற்று நின்றுவிடுவதால், டிரம்மில் அல்லது டிஸ்க்கில் தேங்கிய சூடு மெல்லத் திரவத்துக்கு ஏறுகிறது. குளிர்ந்த பிறகு ஆவி மீண்டும் நீர்மமாகிவிடுவதால், பின்னர் சோதிப்பவருக்குப் பிரேக் நன்றாகவே இருப்பதாகத் தெரியும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொன்ன ஓட்டியின் பேச்சு நம்பப்படாமல் போக இது ஒரு காரணம். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவோரிடம் 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது, பிரேக்கைச் சூடேற்றாமல் என்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான்.

1953இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் 'சி டைப்' கார் வென்றது. டிஸ்க் பிரேக் தன் சூட்டை விரைவில் காற்றில் விட்டுவிடும். ஆனால் அதன் பிஸ்டன் சூடான பேடுக்கு நேர் பின்னால் இருப்பதால் திரவம் டிரம்மில் இருந்ததைவிட அதிகச் சூட்டைத் தாங்க வேண்டியதாயிற்று. ஆமணக்கெண்ணெயின் காலம் முடிந்தது. கிளைக்கால் ஈதர்கள் எனப்படும் செயற்கைச் சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

டப்பாவைப் பற்றி ஒரு சட்டம்

அமெரிக்காவில் சீட் பெல்ட்டும் காற்றுப் பையும் சட்டமாவதற்கு முன்பே, 1962இல், கடையில் விற்கும் பிரேக் திரவத்துக்குத் தரம் வகுக்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வாகனப் பாதுகாப்பில் தலையிடத் தயங்கிய ஓர் அரசு முதலில் கை வைத்த பொருள்களில் ஒன்று இந்தச் சிறிய டப்பா. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. டப்பாவில் இருப்பது நல்ல திரவமா மட்டமான கலவையா என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மலையிறக்கத்தில்தான் தெரியும்.

1966இல் பொதுவான வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தத் தரம் அதனுள் சேர்க்கப்பட்டது. டப்பாவில் இன்று காணும் 'டாட் 3', 'டாட் 4' என்பவை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்தவை. 'டாட் 3' குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், 'டாட் 4' 230 டிகிரி வரையும், 'டாட் 5', 'டாட் 5.1' ஆகியவை 260 டிகிரி வரையும் கொதிக்காதிருக்க வேண்டும். இவை புதிய, ஈரம் சேராத திரவத்துக்கான எண்கள். இவற்றோடு இன்னொரு எண் வரிசையும் உண்டு: ஈரம் ஏறிய திரவம் முறையே 140, 155, 180 டிகிரி வரை தாங்கினால் போதும். விளம்பரங்கள் முதல் வரிசையைப் பெரிதாகப் போடுகின்றன. வண்டி வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

ஈரம் எங்கிருந்து வருகிறது? கிளைக்கால் வகைத் திரவங்கள் காற்றில் உள்ள நீராவியை உறிஞ்சும் இயல்புடையவை. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி கசிவதைப் போன்றது இது. தொட்டியின் மூடி வழியாகவும், ரப்பர் குழாய்களின் சுவர்களை ஊடுருவியும் ஈரம் மெல்லப் புகுந்துகொண்டே இருக்கும். இது ஒரு குறைபாடு போலத் தோன்றினாலும் ஒரு நன்மையும் உண்டு. உறிஞ்சப்பட்ட நீர் திரவம் முழுவதும் பரவிவிடுவதால் ஓரிடத்தில் தேங்கி உறைவதோ துருவேற்றுவதோ குறைகிறது. விலையாகக் கொதிநிலை ஆண்டுதோறும் இறங்கும். பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்வதும், திறந்து நெடுநாளான டப்பாவை மீண்டும் பயன்படுத்த வேண்டாம் என்பதும் இதனால்தான். வண்டி ஓடாமல் நின்றாலும் திரவம் பழையதாகும்.

சிலிகோன் அடிப்படையிலான 'டாட் 5' ஈரத்தை உறிஞ்சாது. வண்டியின் பெயிண்டையும் அரிக்காது. அமெரிக்க ராணுவம் தன் வாகனங்களுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் உள்ளே புகும் நீர் அதில் கரையாமல் தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். நுண்ணிய காற்றுக் குமிழ்களும் எளிதில் வெளியேறா. இதை மற்ற வகைகளோடு கலக்கக் கூடாது. எண்ணில் நெருங்கிய 'டாட் 5.1' கிளைக்கால் வகையைச் சேர்ந்தது என்பது குழப்பத்துக்கு நல்ல வித்து. பெயர் வைத்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம்.

பிரான்சின் சித்ரோன் நிறுவனம் வேறு பாதையில் போனது. 1955இல் அது வெளியிட்ட 'டி.எஸ்.' காரில் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாமே ஒரே திரவத்தால் இயங்கின. ஈரம் உறிஞ்சும் சிவப்புத் திரவம் உள்ளுறுப்புகளைத் துருவேற்றியதால், 1966இல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். அதற்காக ரப்பர் வாஷர்கள் அனைத்தையும் வேறு வகையில் செய்தார்கள். பாகங்களுக்கும் பச்சை வண்ணம் பூசினார்கள். சிவப்பு வண்டியில் பச்சையையும் பச்சை வண்டியில் சிவப்பையும் ஊற்றியவர்களின் வாஷர்கள் வீணாயின.

வீட்டு வாசலில்

நீரியல் பிரேக்கில் காற்றை வெளியேற்றும் முறை தொடக்கத்திலிருந்து இன்றுவரை அதிகம் மாறவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் சிலிண்டரிலும் மேல் பகுதியில் ஒரு சிறிய நிப்பிள் இருக்கும். காற்று மேலே எழும் என்பதால் மேலே. அதில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதுத் திரவம் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைப்பார்கள். ஒருவர் பெடலை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துவார். குமிழோடு திரவம் வெளிவரும். பெடல் மேலே வருவதற்கு முன் நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் வெளியே போன காற்று உள்ளே திரும்பும். குழாயின் முனை திரவத்தில் மூழ்கியிருப்பது இதற்கான இரண்டாவது காவல். 'மிதி', 'பிடி', 'விடு' என்று இருவருக்கும் இடையே ஓடும் குரல்தான் இந்த வேலையின் முக்கியக் கருவி. பிழை நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது மரபு. 1960களில் இரட்டைச் சுற்று பிரேக் பரவிய பின் இந்த வரிசை வண்டிக்கு வண்டி மாறுகிறது. 1962இல் காடிலாக், ராம்ப்ளர் கார்களில் இரு பகுதி மாஸ்டர் சிலிண்டர் வந்தது. 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரமும் போய்விடும் என்ற பழைய அச்சத்துக்கு அப்போதுதான் முழு விடை கிடைத்தது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வண்டிச் சொந்தக்காரர்களே இந்த வேலையைச் செய்யும் பழக்கம் வளர்ந்ததில் கையேடுகளுக்குப் பங்கு உண்டு. ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர், ஒரு காரை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டி, ஒவ்வொரு படியையும் படம் பிடித்துக் கையேடாக்கும் முறையை 1960களின் நடுவில் தொடங்கினார். எழுத்தறிந்த எவரும் பிரேக்கில் கை வைக்கலாம் என்ற துணிச்சலை அவை கொடுத்தன. துணிச்சலோடு சில விபத்துகளும் வந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது. தொட்டியில் திரவம் வற்ற விட்டால் மேலிருந்தே காற்று புகும். வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் வழக்கமாகப் போகாத, துருவேறிய பகுதியில் உரசிக் கிழியும்; நன்றாக இருந்த சிலிண்டர் வேலை முடிந்த மறுநாள் ஒழுகும். என்ஜின் ஆயில் எடுத்த புனலையே பிரேக் தொட்டிக்கும் பயன்படுத்தினால் எல்லா ரப்பர் பாகங்களும் கெடும். திரவம் நச்சுத் தன்மை கொண்டது. சிந்தினால் பெயிண்ட் உரியும். கழித்த திரவத்தைப் பழைய குளிர்பானப் பாட்டிலில் வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் செய்யவே கூடாத காரியம்.

பாடியும் பக்கெட் வாஷரும்

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் நேரடியான தொடர்பு உண்டு. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாகச் சென்னையில் 'பிரேக்ஸ் இந்தியா' நிறுவனத்தைத் தொடங்கின. அதன் பாடி தொழிற்சாலையில் கார்களுக்கும் பிற வாகனங்களுக்குமான பிரேக் பாகங்கள் உருவாயின. பிரேக் திரவ டப்பாக்களில் நம்மவர்கள் படித்துப் பழகிய 'கர்லிங்' என்ற பெயர் ஆல்பர்ட் கர்லிங் என்ற ஆங்கிலேயருடையது. அவர் 1925இல் காப்புரிமை பெற்றது திரவமே இல்லாத, ஆப்பும் கம்பியும் கொண்டு இயங்கும் பிரேக்குக்கு! பின்னர் அப்பெயர் லூகாஸ் வசம் வந்து, நீரியல் பிரேக்கோடு சேர்ந்து, கடல் கடந்து பாடிக்கு வந்தது.

இங்கே ஏர் எடுப்பது பெரும்பாலும் சாலையோரப் பட்டறையின் வேலையாகவே இருந்தது. பெடல் மிதிப்பது புதிதாகச் சேர்ந்த பையனின் முதல் பாடம். வண்டிக்காரரிடம் பொதுவாகக் கேட்கப்பட்டது 'ஆயில் குறைந்திருக்கிறதா' என்பது மட்டும். 'எத்தனை நாளாயிற்று' என்ற கேள்வி அரிது. குறைந்ததை ஊற்றி நிரப்புவதும் பழையதை முற்றிலும் மாற்றுவதும் ஒன்றல்ல. பேடு தேயும்போது பிஸ்டன் வெளியே வருவதால் தொட்டியில் மட்டம் இயல்பாகவே சற்று இறங்கும். நிரப்பினால் குறை தீர்ந்தது போலத் தோன்றும், உள்ளே உள்ள பழைய திரவம் அப்படியே இருக்கும்.

1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் கார்களில் வந்தது. அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், சில வண்டிகளில் கணினிக் கருவி கொண்டு வால்வுகளை இயக்கித்தான் அதை வெளியேற்ற முடியும். ஸ்பேனரும் பாட்டிலும் மட்டும் போதா. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களின் புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. கேபிள் பிரேக்கோடு பழகிய பல வீடுகளுக்கு, ஹேண்டில்பாரில் உள்ள சிறிய தொட்டியின் வழியே பிரேக் ஆயில் அறிமுகமானது.

மின்சார வாகனங்கள் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. பேடுகள் பல ஆண்டுகள் தேயாமல் நிற்கின்றன. பேடு மாற்ற வரும்போதுதான் பட்டறைக்காரர் திரவத்தின் நிறத்தைப் பார்ப்பது வழக்கம். அந்தச் சந்தர்ப்பம் இப்போது குறைந்துவிட்டது. தொட்டியில் உள்ள திரவம் வழக்கம்போல ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.